கோட்டுக்குள் ஒரு குளம்!

சென்ற வருஷம் நவம்பர் மாதம். பம்மலிலிருந்து மவுண்ட் ரோட்டில் இருக்கும் ஒரு பாங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாடி கட்ட லோன் கேட்டிருந்தேன். 'ஒரிஜினல் பத்திரத்தோட வந்துடுங்க' என்று சொல்லியிருந்தார்கள்.

"என்னங்க, வானம் இருட்டிக்கிட்டு வருது. பேசாம பஸ்ல போங்களேன்..." என்றாள் மனைவி.

"அப்புறம் புது ரெயின்கோட் எதுக்கு வாங்கினேனாம்?"

700 ரூபாய். ரோட்டோரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டையில் 'நூறு சதவிகிதம் வாட்டர்ப்ரூஃப்' என்று கொட்டை எழுத்து. கூடவே, கொட்டும் மழையில் பைக் ஓட்டியபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரர் படம். மழையில் பைக் ஓட்டுகிறவன் சிரிக்கமாட்டான் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்!

பத்திரத்தை ஒரு பழுப்பு கவரில் போட்டு, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்து, மேலே கோட்டைப் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். உடம்போடு இருந்தால் பத்திரமாக இருக்கும் என்பது என் கணக்கு.

மீனம்பாக்கத்தில் பிடித்தது மழை. கிண்டி வரும் வரை ஜம்மென்றுதான் இருந்தது. சைதாப்பேட்டை பாலத்தில் வயிற்றுப் பக்கம் சில்லென்றது. 'வேர்வையாக இருக்கும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாங்க் வாசலில் இறங்கி ஜிப்பைத் திறந்தால்... ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. முதுகு காய்ந்திருந்தது. தோள் காய்ந்திருந்தது. வயிற்றில் மட்டும் ஒரு குளம். அந்தக் குளத்தில் மிதந்தது அப்பா 2012-ல் என் பேருக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரம்!

அப்பாவுக்கு பால்பாயின்ட் பேனா ஆகாது. கடைசி வரை இங்க் பேனாதான். பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் போட்டிருந்த கையெழுத்து எல்லாம், பள்ளிக்கூடப் பையன் சட்டைப்பை மாதிரி நீலமாகப் பரவிக் கிடந்தது.

"கவலைப்படாதீங்க ஸார்... ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நகல் போட்டா குடுத்துடுவாங்க" என்றார் பாங்க் ஆபீஸர். நிஜம்தான். நகல் கிடைக்கும். அப்பாதான் இப்போது இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது என் ரெயின்கோட் ஆராய்ச்சி. பி.காம். படித்தவன் ஆராய்ச்சி செய்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

பாலத்துக்கடியில் ஒரு பாடம்

திரும்பி வரும்போது கத்திப்பாரா பக்கம் மறுபடி மழை. மேம்பாலத்துக்கடியில் ஒதுங்கினேன். பக்கத்தில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு தம்பி, கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். உள்ளே சட்டை மொரமொரவென்று இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. (நனைந்த வயிறும் எரியும் என்று அன்றுதான் தெரிந்தது!)

"எப்படித் தம்பி?" என்றேன்.

என் கோட்டை ஒரு பார்வை பார்த்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பச் சொன்னார். "துணியில எல்லாம் தண்ணி வராதுண்ணா. தையல்லதான் வரும். இங்க பாருங்க... உங்க கோட்ல தையல் மேல டேப்பே ஒட்டலை. ஊசி போட்ட ஓட்டை அத்தனையும் அப்படியே இருக்கு. எனக்கு ரெண்டு நாள் ஜுரம் வந்தா ரெண்டு நாள் காசு போச்சு. அதான் பார்த்து வாங்கினேன்."

ஆயிரம் புஸ்தகம் படித்தாலும் இத்தனை சுருக்கமாக எனக்குப் புரிந்திருக்காது. பிளாஸ்டிக் பூசிய துணி, தண்ணீரைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால், அதைக் கோட்டாகத் தைக்கும்போது தையல் மெஷின் ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்டுவிடுகிறது. நல்ல கோட்டில் உள்பக்கம் தையல் முழுக்க ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று டேப் ஒட்டி, சூடு வைத்து அழுத்தியிருப்பார்கள். மட்டமான கோட்டில் அது இருக்காது. இருந்தாலும் தோளில் மட்டும் ஒட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நாமம் போட்டிருப்பார்கள்.

ஏன் மடியில் மட்டும் குளம்?

நின்றுகொண்டு மழையில் நனைவது வேறு; உட்கார்ந்துகொண்டு நனைவது வேறு. பைக்கில் உட்கார்ந்தால் நம் மடி ஒரு தொட்டி ஆகிவிடுகிறது. நெஞ்சில் விழும் தண்ணீர் வழிந்து அங்கே வந்து தேங்கும். பெட்ரோல் டாங்க்கிலிருந்து வழியும் தண்ணீரும் சீட்டுக்கு வந்து சேரும். அந்தத் தொட்டியின் அடியில் என்ன இருக்கிறது? ஜிப்பின் கீழ்முனை, பேன்ட்டின் இரண்டு காலும் சேரும் இடத்துத் தையல்! போதாததற்கு நம் முழு எடையும் அந்தத் தையலை அழுத்துகிறது. கோட் எங்கே தோற்கும் என்று இனிமேல் ஜோசியம் பார்க்க வேண்டாம்.

இன்னொரு சமாசாரம் வேகம். பெரிய மழைத்துளி ஒன்று கீழே வரும் வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நாம் 40-ல் போனால், மழை நமக்கு மேலிருந்து வருவதில்லை, எதிரிலிருந்து வருகிறது. குடைக்காரனுக்குத் தலைதான் பிரச்னை. பைக்காரனுக்குக் கழுத்து, நெஞ்சு ஜிப், மணிக்கட்டு, முழங்கால்! ஆகவே கடைக்காரர் கோட்டின் மேல் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, "பாருங்க ஸார், ஒரு சொட்டு இறங்குதா?" என்று காட்டினால் மயங்காதீர்கள். அவர் துணியைக் காட்டுகிறார். நீங்கள் தையலைக் கேளுங்கள்.

ரப்பரில் ஆரம்பித்த கதை

ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மாக்கின்டாஷ், 1823-ல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசி ஒட்டி, அதற்கு பேடன்ட் வாங்கினார். மழை இறங்கவில்லை. ஆனால், குளிர் வந்தால் அப்பளமாக விறைத்தது. வெயில் வந்தால் அல்வாவாகப் பிசுபிசுத்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வித்தை வந்த பிறகுதான் அது ஒரு நிலைக்கு வந்தது. நம் நாட்டில் 1920-ல் கல்கத்தாவில் ஆரம்பித்த 'டக்பேக்' கோட்டுகளை உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். அப்பாவிடமும் ஒன்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டால் அவர் பாதி போலீஸ்காரர் மாதிரி இருப்பார்.

இப்போது கடையில் கிடைப்பதை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, முழுக்க பி.வி.ஸி. ஷீட். விலை குறைவு, தண்ணீர் இறங்காது. ஆனால், உள்ளே இட்லிப் பானை! ஒரு சீசன் மடித்து வைத்தாலே மடிப்பில் வெடித்துவிடும்.

இரண்டு, நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியின் உள்பக்கம் ரசாயனப் பூச்சு கொடுத்தது. எடை குறைவு, மடித்து சீட்டுக்கடியில் வைக்கலாம். ஆபீஸ் போகிற நமக்கு இதுதான் சரி... தையலில் டேப் இருக்கும் பட்சத்தில்!

மூன்று, 'மூச்சு விடும்' துணி. அமெரிக்காவில் 1969-ல் பாப் கோர் என்பவர், டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததில் பிறந்தது. அதில் இருக்கும் துளைகள் தண்ணீர்த் துளி நுழைய முடியாதபடி சிறியவை. வேர்வையின் ஆவி வெளியே போகும்படி பெரியவை. அபாரமான சரக்குதான். ஆனால், ஒன்றை யோசியுங்கள். உள்ளே ஈரம் அதிகம், வெளியே ஈரம் குறைவு என்றால்தான் ஆவி வெளியேறும். மழை நாள் மெட்ராஸில் வெளிக்காற்றே வேர்த்து வழிகிறதே! லடாக் போகிறவருக்கு அது வரம். தாம்பரம் டு தேனாம்பேட்டைக்கு அத்தனை பணம் கொட்ட வேண்டாம். அதற்குப் பதில் உள்ளே வலைத்துணி லைனிங், முதுகில் மூடியோடு கூடிய காற்றுத் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். போதும்.

சில கோட்டுகளில் '5,000 மி.மீ.', '10,000 மி.மீ.' என்று போட்டிருக்கும். அது மழை அளவு இல்லை. துணியின் மேல் தண்ணீரை எத்தனை உயரத்துக்குத் தேக்கினால் அது கசிய ஆரம்பிக்கும் என்பதன் கணக்கு. 5,000 என்றால் ஐந்து மீட்டர் உயரத் தண்ணீர். உட்கார்ந்து அழுத்துகிற நமக்கு 5,000-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. மறந்துவிடாதீர்கள், இதுவும் துணியின் மார்க்தான். தையலின் மார்க் இல்லை.

ஓட்டு வீட்டு சாஸ்திரம்

எங்கள் ஊர் ஓட்டு வீட்டில் மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வருகிற பெரியவர் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். 'மேல் ஓடு, கீழ் ஓட்டின் மேல் ஏற வேண்டும்.' ரெயின்கோட்டுக்கும் அதே!

பேன்ட்டின் மேல் சட்டை இறங்க வேண்டும். சட்டையை பேன்ட்டுக்குள் செருகினால் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போல. பேன்ட், ஷூவின் மேல் இறங்க வேண்டும். உட்காரும்போது பேன்ட் நாலு விரல் மேலே ஏறிவிடும், கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தால் கையும் ஏறும். ஆகவே, உங்கள் சைஸைவிட ஒரு சைஸ் பெரியது வாங்குங்கள். கடையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துப் பிரயோஜனமில்லை. வெளியே வந்து, உங்கள் வண்டி மேல் உட்கார்ந்து, கையை நீட்டி, கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைக்காரர்கள் இதைவிட விசித்திரமான கஸ்டமர்களைப் பார்த்தவர்கள், ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டார்கள்!

ஜிப்புக்கு மேலே மடிப்பு ஒன்று இருந்தால் பாஸ் மார்க். மேலே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு இருந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். மணிக்கட்டில் எலாஸ்டிக்கோ வெல்க்ரோவோ இறுக்கமாக இருக்கட்டும். தலைக்கு வரும் குல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டினால் பக்கத்தில் வருகிற லாரி தெரியாது. முதுகில் தொங்கவிட்டால் தண்ணீர் பிடித்து, நீங்கள் பிரேக் போடும்போது கழுத்தில் அபிஷேகம் செய்யும். காலருக்குள் சுருட்டி வைத்துவிட்டு, காலரைத் தூக்கி மூடுங்கள்.

நனையாமல் இருந்தால் போதுமா?

எங்கள் எதிர் வீட்டு ஸார் பெரிய போர்வை மாதிரி ஒரு கோட் வைத்திருந்தார். கழுத்தில் மாட்டினால் வண்டி ஹேண்டில் வரை மூடும். 'எவ்ளோ ஈஸி பாருங்க' என்பார். ஒரு நாள் அதன் ஓரம் காற்றில் படபடத்து, பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. சக்கரம் கோட்டை இழுத்தது. கோட் அவரை இழுத்தது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, பின்னால் பஸ் வரவில்லை.

பின்னால் உட்காருகிறவர் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. புடவைக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நாம் என்னடாவென்றால், ஓட்டுகிறவர் மேலேயே ஒரு புடவையைச் சுற்றி அனுப்புகிறோம்! பைக்குக்கு சட்டை-பேன்ட் என்று இரண்டு பீஸாக, உடம்போடு நிற்கிற கோட்தான் சரி. பின்னால் உட்காரும் வீட்டுக்காரிக்கும் அதேதான். அவர்கள் நனைந்தால் நமக்கு வீட்டில் வேறு மழை இருக்கிறது!

நிறம் ரொம்ப முக்கியம். 'ஆபீஸுக்கு டீசன்ட்டா இருக்கும்' என்று கறுப்பிலும் கருநீலத்திலும் வாங்குகிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு, மழையில், வைப்பர் ஆடும் கண்ணாடி வழியாக வரும் லாரி டிரைவருக்கு நாம் ரோட்டின் ஒரு பகுதி! மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை வாங்குங்கள். முதுகிலும் கையிலும் லைட் பட்டால் மின்னும் பட்டை இருக்கட்டும். ஆபீஸில் 'என்னடா, கார்ப்பரேஷன் வேலையா?' என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். கிண்டலைக் கேட்க முழுசாக வந்து சேர்ந்தோமே!

பேன்ட் கால் பெரிதாக இருக்கட்டும் என்றேன் இல்லையா, அதோடு ஓர் எச்சரிக்கை. சைலன்ஸர் பக்கம் படபடத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். கணுக்காலில் இறுக்கிக் கட்ட வெல்க்ரோ பட்டை இருக்க வேண்டும். ஷூ மேல் மாட்டும் உறை வாங்கினால் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால், சிக்னலில் காலை ஊன்றும்போது பரதநாட்டியம்தான்! ஹெல்மெட் கண்ணாடி கறுப்பாக இருந்தால் மழைக்காலத்துக்கு மட்டுமாவது வெள்ளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், கோட் போட்டவனுக்கு ஒரு தைரியம் வரும். அதுதான் ஆபத்து. மழை ஆரம்பித்த முதல் சில நிமிஷங்கள் ரோட்டில் இருக்கும் எண்ணெயும் தூசும் சேர்ந்து வழுக்கும். வெள்ளைக் கோடும் பாதாள சாக்கடை மூடியும் அதைவிட வழுக்கும். 2015 டிசம்பர் மாதிரி, 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்த மாதிரி நாட்களுக்கு உலகத்திலேயே சிறந்த ரெயின்கோட் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் வீடு!

கொஞ்சம் கணக்கு!

மெட்ராஸில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் ஏறக்குறைய 60 சதவிகிதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். கோட் தேவைப்படுகிற நாள் 30 என்று வைத்துக்கொள்வோம். என்னுடைய 700 ரூபாய்க் கோட் ஒரே சீசனில் முடிந்தது. ஆக, ஒரு மழை நாளுக்கு 23 ரூபாய் சொச்சம். பிறகு நான் வாங்கியது 2,400 ரூபாய். நாலு வருஷம் உழைத்தால் 120 நாள். ஒரு நாளுக்கு 20 ரூபாய். எது மலிவு? காமர்ஸ் வகுப்பில் தேய்மானக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்கு என் நமஸ்காரங்கள். அதில் அப்பாவின் கையெழுத்தை எந்த கணக்கில் எழுதுவது என்று மட்டும் அவர் சொல்லித் தரவில்லை.

நாலு வருஷம் உழைக்க வேண்டுமென்றால் நாமும் கொஞ்சம் உழைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு சுருட்டிப் பையில் அடைக்காதீர்கள். பூஞ்சை பிடித்து நாறுவதோடு, டேப்பும் பிய்ந்து வரும். நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி உலர்த்துங்கள். வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி இரண்டும் கோட்டுக்கு எமன். டிசம்பர் முடிந்ததும் மடிக்காமல் ஹேங்கரில் மாட்டிவிடுங்கள்.

பாத்ரூம் பரீட்சை

புதுக் கோட் வாங்கினால் முதல் மழை வரை காத்திருக்காதீர்கள். கழுத்து, வயிறு, தொடை, முழங்கால் என்று நாலு இடத்தில் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகுங்கள். கோட்டை மாட்டுங்கள். பாத்ரூமில் ஒரு ஸ்டூல் போட்டு, பைக்கில் உட்காருவது போல் உட்கார்ந்து, ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் இருங்கள். வெளியே வந்து பேப்பரைப் பார்த்தால் எந்த இடம் ஒழுகுகிறது என்று பேப்பரே சொல்லிவிடும். பில் கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நான் ஹெல்மெட்டோடு ஷவருக்கடியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தபோது மாமனார் வந்துவிட்டார். பாவம், அன்று முழுக்க அவர் என்னோடு ரொம்ப அன்பாகப் பேசினார்!

பேப்பர் நாலும் மொரமொரவென்று வந்தன. பாஸ்!

அந்தப் பத்திரத்தின் நகல் வாங்கி, லோனும் வாங்கி, மாடியும் ஏறிக்கொண்டிருக்கிறது. நீலம் பரவிய ஒரிஜினல் பீரோவில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் மட்டும், மடிப்புக்குள் ஒளிந்திருந்ததாலோ என்னவோ, ஒரே ஒரு கையெழுத்து நனையாமல் தப்பித்துவிட்டது.

போன வாரம் மழை மேகம் கட்டியபோது மனைவி கேட்டாள்: "கோட் நல்ல கோட்னு சொல்றீங்களே... இனிமே ஏதாவது பேப்பர்னா தைரியமா உள்ள வச்சு எடுத்துட்டுப் போவீங்களா?"

"டிபன் பாக்ஸ் வைப்பேன்" என்றேன். "பேப்பர் பஸ்ல போகும்!"